நீலத்திரையைப் படிக்கக் கற்ற ஊர்

துலாம் மாதத்துப் பிற்பகல்களில் திருவனந்தபுரத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கிழக்கே மலைப்பக்கம் வானம் கறுத்து முதல் இடி உறுமியதும், வீட்டில் யாராவது ஒருவர் எழுந்துபோய்ப் பிளக்குகளைப் பிடுங்குவார். முதலில் டிவி, பிறகு ஃபிரிட்ஜ், பிறகு கம்ப்யூட்டர். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த நாள்களில் மோடத்தின் வயரையும் கழற்ற வேண்டியிருந்தது. கரண்ட் பிளக்கை நினைவாகப் பிடுங்கிவிட்டு டெலிபோன் வயரை மறந்த வீடுகளில் மோடம் கருகியது; சில வீடுகளில் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது.

தமிழ்நாட்டில் ஐப்பசி என்று சொல்லும் அந்த மாதத்தில் கேரளத்துக்குத் துலாவர்ஷம். காலையில் சுள்ளென்று வெயில், பிற்பகலில் இடியும் மின்னலும், இரவில் மழை. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனமாக இருங்கள், மின்சாதனங்களின் இணைப்பைத் துண்டித்து வையுங்கள் என்று கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. 1978இல் தொடங்கி ஆக்குளத்தில் இயங்கிவரும் புவி அறிவியல் ஆய்வு மையத்தில் மின்னல் ஒரு தனி ஆய்வுப் பொருளாகவே இருந்திருக்கிறது. கொச்சியில் 1977இல் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்வதற்கென்று தொடங்கிய வி-கார்டு பெரிய நிறுவனமாக வளர்ந்ததற்கும் இந்த வானத்துக்கும் மின்கம்பிக்கும் பங்கு உண்டு.

பிளக்கைப் பிடுங்க மறந்த நாளின் கதை வேறு. எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்க, கரண்ட் போகும். ஒரு மணி நேரம் கழித்து வரும். கம்ப்யூட்டரைப் போட்டால் விண்டோஸின் சின்னம் தோன்றும், அடுத்த நொடி திரை முழுக்க நீலம். அதில் வெள்ளை எழுத்தில், வீட்டில் ஒருவருக்கும் புரியாத ஆங்கிலமும் எண்களும். 1990-களின் கடைசியிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் இந்த ஊரின் நடுத்தர வீடுகள் அந்த நீலத்துக்கு அஞ்சிக்கொண்டுதான் கம்ப்யூட்டரைப் போட்டன.

அஞ்ச வேண்டாத ஒன்றுக்கு அஞ்சினார்கள் என்பதை இன்று சொல்ல முடிகிறது. சாதாரண மென்பொருள் ஒன்று தவறு செய்தால் இயங்குதளம் அதை மட்டும் மூடிவிடும். தவறு இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலிலேயே நேர்ந்தால் மூட வேறு ஆள் கிடையாது. நினைவகத்தில் இருப்பது சரியா பிழையா என்று இனி உறுதியில்லை. அந்த நிலையில் தொடர்ந்து ஓடினால் ஹார்டு டிஸ்க்கில் குப்பையை எழுதி, இருக்கும் கோப்புகளையும் கெடுத்துவிடக்கூடும். அதனால் இயந்திரம் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நிற்பதற்கு முன் எங்கே, எதனால் நின்றேன் என்று திரையில் எழுதிவிட்டு நிற்கிறது. வீட்டுக்காரர் மரணம் என்று நினைத்தது, பெரும்பாலும் மேலும் சேதம் ஆகாமல் காத்த தடுப்புதான்.

அந்தத் திரையின் பிறப்பைப் பற்றி நெடுநாள் குழப்பம் இருந்தது. மைக்ரோசாஃப்டின் மூத்த பொறியாளர் ரேமண்ட் சென் பின்னாளில் அதைத் தெளிவாக்கினார். மூன்று திரைகள், மூன்று பேர். விண்டோஸ் 3.1இல் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தினால் வரும் நீலத்திரையின் வாசகத்தை எழுதியவர், பின்னாளில் நிறுவனத்தின் தலைவரான ஸ்டீவ் பால்மர். விண்டோஸ் 95இன் கெர்னல் பிழைத்திரையை முடித்துக்கொடுத்தவர் ரேமண்ட் சென். 1993இல் வந்த விண்டோஸ் என்டியின் நீலத்திரையை எழுதியவர் ஜான் வெர்ட். ஏன் நீலம்? அவர் வேலை செய்த மிப்ஸ் இயந்திரமும், நிரல் எழுதிய ஸ்லிக்எடிட் என்ற மென்பொருளும் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தைக் காட்டுபவை. கண்ணுக்குப் பழகிய நிறத்தையே அவர் பிழைத்திரைக்கும் வைத்துவிட்டார். உலகமே பார்த்து நடுங்கிய நிறத்துக்குப் பின்னால் இருந்த காரணம் இவ்வளவுதான்.

மின்னணுவியல் திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. இந்தியாவிலேயே ஒரு மாநில அரசு மின்னணுத் தொழிலுக்கென்று தொடங்கிய முதல் நிறுவனமான கெல்ட்ரான், 1973இல் கே.பி.பி. நம்பியார் தலைமையில் இந்த ஊரில் உருவானது. 1990இல் அவருடைய முயற்சியில்தான் டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் பிறந்தது. ஆனால் ராக்கெட் ஏவிய ஊரின் வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த வழி வேறு. பிராண்டட் இயந்திரத்தின் விலை எட்டாதவர்கள் அசெம்பிள்ட் சிஸ்டம் வாங்கினார்கள். மதர்போர்டு ஒரு கம்பெனி, ரேம் வேறொன்று, மின்சாரம் பகிரும் எஸ்எம்பிஎஸ் பேர் தெரியாத மூன்றாவது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ரேடியோ உதிரிபாகம் விற்ற கடைகள் டிவிக்கு மாறி, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறியதைப் பார்த்தவர்களுக்கு இந்த வணிகத்தின் சூட்சுமம் தெரியும். வளைகுடாவிலிருந்து வந்த பணமும் பிள்ளை கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்து, கரமனை அக்ரகாரத்துத் தமிழ் வீடு முதல் கழக்கூட்டத்துப் புதுவீடு வரை அந்தப் பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தன.

அந்தப் பெட்டிகளில் ஓடியது பெரும்பாலும் விண்டோஸ் 98. அது சந்தைக்கு வருவதற்கு முன்பே அதன் நீலத்திரை உலகப் புகழ் பெற்றுவிட்டது. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, மைக்ரோசாஃப்ட் ஊழியர் கிறிஸ் கபோசெலா ஒரு ஸ்கேனரைச் செருகிக் காட்டினார். செருகியதும் வேலை செய்யும் என்பதை விளக்கத்தான் அந்தச் செயல்முறை. திரை நீலமாயிற்று. அரங்கம் கைதட்டிச் சிரித்தது. மேடையில் நடந்த அதே விபத்துதான் ஊர் ஊராக வீடுகளில் நடந்தது: புதிதாக ஒரு பிரின்டரோ வெப்கேமராவோ வாங்கி, அதன் டிரைவர் சிடியைப் போட்ட மாலையிலிருந்து நீலம். டிரைவர் என்பது கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யும் மென்பொருள். ஸ்கேனர் கம்பெனிக்காரர் எழுதிய நிரலில் ஒரு பிழை இருந்தால் முழு இயந்திரமும் நின்றுவிடும். விண்டோஸில் வரும் நீலத்திரைகளில் பெரும்பான்மைக்குக் காரணம் இப்படி வெளியார் எழுதிய டிரைவர்களே என்பது பின்னால் மைக்ரோசாஃப்டுக்கு வந்து குவிந்த பிழை அறிக்கைகளிலிருந்து தெரிந்தது.

இந்தக் காலத்தில்தான் ஒரு புதுத் தொழில் வளர்ந்தது. பைக்கில் வருவார் ஓர் இளைஞர். தோளில் பை, பையில் ஸ்க்ரூ டிரைவர், சிடி உறை, ஒரு ரப்பர். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் அழிக்கும் அதே ரப்பர்தான். கேபினெட்டைத் திறந்து, ரேமைக் கழற்றி, அதன் அடியில் பொன்னிறமாக வரிசை கட்டியிருக்கும் தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்து, ஊதிவிட்டு, அழுத்தி மாட்டுவார். பாதி வீடுகளில் அதோடு நீலம் போய்விடும். கடற்காற்றும் ஈரமும் தூசியும் சேர்ந்து தொடுமுனைகளில் படிவதால் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். ஒரே ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டாலும் கெர்னல் நிற்கக்கூடும். ரப்பர் அழுக்கை எடுத்தது, கழற்றி மாட்டியது தொடர்பை இறுக்கியது. அடிக்கடி தேய்த்தால் மெல்லிய பொன்முலாம் போய்விடும் என்பதால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் நல்லது என்பார்கள் முறையாகப் படித்தவர்கள். ஆனால் எந்தப் பாடநூலும் சொல்லித்தராத அந்த ரப்பர் வித்தை, தென்னிந்தியா முழுவதும் வாய்வழியாகப் பரவிய ஒரு கைத்தொழில் அறிவு. அதற்கு உரிய மரியாதையை யாரும் இதுவரை எழுதி வைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ரப்பருக்கு அடங்காத நீலத்துக்கு இரண்டாவது வைத்தியம் இருந்தது. "ஃபார்மேட் செய்யேண்டி வரும், சேச்சி."

எத்தனை வீடுகளில் அந்த ஒரு வாக்கியம் விழுந்திருக்கும்! ஃபார்மேட் அடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் இயந்திரம் புதுசு போல ஓடும், கூலி கைக்கு வரும். கல்யாண போட்டோக்களும், பாதி எழுதிய ஆய்வேடும், கடைக் கணக்கும் அதோடு போகும். அந்த இளைஞரை மட்டும் குறை சொல்லி முடிக்க முடியாது. ஒரு வருகைக்கு இவ்வளவு என்று கூலி. காரணம் தேடி மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அன்றைய பிழைப்பு போகும். பெரும்பாலான வீடுகளில் இருந்தது உரிமம் இல்லாத விண்டோஸ் பிரதி. மதர்போர்டு சிடி எங்கே என்று கேட்டால் வீடே தேடும். இவை எல்லாவற்றுக்கும் மேல், நீலத்திரையில் இருந்ததைப் படிக்க அவருக்கும் யாரும் கற்றுத்தரவில்லை.

படித்திருந்தால் அது நிறையச் சொல்லியிருக்கும். கரண்ட் போய் வந்த பிறகு என்டி வழிவந்த விண்டோஸில் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால், டிஸ்க்கையோ அதன் கேபிளையோ பார்க்க வேண்டும். ரேம் அங்கே குற்றவாளி இல்லை. ‘என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்’ என்றால் கோப்பு அடுக்கு குலைந்திருக்கிறது, செக்டிஸ்க் ஓட்டினால் பல சமயம் சரியாகிவிடும், ஃபார்மேட் தேவையில்லை. ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா’ என்றால் ரேம் அல்லது டிரைவர். அடியில் ஒரு கோப்பின் பெயர் இருந்தால் சந்தேகம் அந்த டிரைவர் மேல். ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணத்தோடு நீலம் வந்தால், மென்பொருளை விட்டுவிட்டு ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மதர்போர்டின் கெபாசிட்டர்களையும் பார்ப்பதே புத்திசாலித்தனம். 1999க்குப் பிறகு சில ஆண்டுகள் உலகச் சந்தைக்கு வந்த மதர்போர்டுகள் பலவற்றில் தரம் கெட்ட கெபாசிட்டர்கள் இருந்தன. தட்டையாக இருக்க வேண்டிய அவற்றின் தலை உப்பி, சில நேரம் பழுப்பு நீர் கசியும். சூட்டில் அவை இன்னும் விரைவாகக் கெட்டன. காற்றோட்டமில்லாத மர மேசைக்குள் அடைத்து வைத்த சிபியூவுக்கு நம் ஊர்ச் சூடு போதாதா? ஃபார்மேட் அடித்து இரண்டு நாளில் மறுபடி நீலம் வந்த வீடுகள் பலவற்றின் இரகசியம் இதுதான்.

நீலமே வராமல் செத்த இயந்திரங்களும் உண்டு. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று விழித்துக்கொண்டது. செர்னோபில் விபத்தின் நினைவு நாள் என்பதால் அந்தப் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. விண்டோஸ் 95, 98 கணினிகளில் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்து, முடிந்தால் மதர்போர்டின் பயாஸ் சிப்பையும் கெடுத்தது. அப்படிக் கெட்டவை சுவிட்சைப் போட்டாலும் திரையில் எதையும் காட்டவில்லை. நீலத்திரை குறைந்தபட்சம் பேசுகிறது என்பதை அன்றைக்குப் பலர் உணர்ந்திருப்பார்கள்.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, அதுவரை அலுவலகங்களில் இருந்த என்டியின் கெர்னலை வீட்டுக்குக் கொண்டுவந்தது. நீலம் குறைந்தது. ஆனால் ஒரு புதுத் தொல்லை சேர்ந்தது: பிழை வந்ததும் இயந்திரம் தானாகவே மறுபடி தொடங்கும்படி அதில் அமைத்திருந்தார்கள். திரை ஒரு நொடி நீலமாக மின்னி மறையும். சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் வாயைப் பொத்துவது போல. ‘தானாக மறுதொடக்கம்’ என்ற அந்த அமைப்பை முதலில் நிறுத்து என்பதுதான் விவரமான பழுதுநீக்குநர் தன் உதவிப் பையனுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

அதே 2001இல், எக்ஸ்பி வருவதற்கு மூன்று மாதம் முன்னால், திருவனந்தபுரத்தில் வேறொன்று நடந்தது. ஜூலை 20 அன்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இங்கே வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். மென்பொருளின் மூலநிரலைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் பகிரவும் பயன்படுத்துபவருக்கு உரிமை வேண்டும் என்பது அவர்கள் கட்சி. தத்துவமாகக் கேட்டால் தொலைவாகத் தோன்றும் அந்தக் கோரிக்கையை, நீலத்திரை முன் கையைப் பிசைந்துகொண்டு நின்ற எந்த வீட்டுக்காரரும் உடனே புரிந்துகொள்வார். பெட்டி என்னுடையது, கோப்பு என்னுடையது. ஏன் நின்றது என்று மட்டும் நான் தெரிந்துகொள்ள வழியில்லை என்றால் எப்படி?

கேரளத்தில் இந்தக் கேள்வி பள்ளிக்கூடத்துக்குள் போனது. அதே ஆண்டில் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தை மாநில அரசு வகுத்திருந்தது. எந்த மென்பொருளில் பிள்ளைகள் கற்பது என்பதில் ஆசிரியர் சங்கங்கள் கடுமையாக வாதாடின. படிப்படியாகப் பள்ளிகள் கட்டற்ற இயங்குதளமான குனு/லினக்ஸுக்கு மாறின, 2008இல் எஸ்.எஸ்.எல்.சி. தகவல் தொழில்நுட்பத் தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளிலேயே நடந்தது. உரிமக் கட்டணம் மிச்சமானதைத்தான் எல்லோரும் எழுதினார்கள். அதைவிடப் பெரிய காரியம் சத்தமில்லாமல் நடந்தது: மலையாளமும் உயிரியலும் கணக்கும் கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டு, இயங்குதளத்தைத் தாங்களே நிறுவவும், பழுதான கேபினெட்டைத் திறந்து பார்க்கவும் கற்றார்கள். பள்ளிகளில் ஹார்டுவேர் கிளினிக் என்ற பெயரில் முகாம்கள் நடந்தன; மூலையில் குவிந்து கிடந்த கணினிகளில் ஒன்றின் ரேமையும் இன்னொன்றின் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து ஓட வைத்தார்கள்.

லினக்ஸ் நிற்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கும் கெர்னல் பேனிக் என்று ஒன்று உண்டு. கெட்ட ரேம் எந்தக் கொள்கைக்கும் கட்டுப்படாது. வேறுபாடு, நின்ற பிறகு என்ன செய்யலாம் என்பதில் இருந்தது. சிடியிலிருந்தே இயங்கும் லினக்ஸைப் போட்டு, டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் பிள்ளைகளின் கோப்புகளை முதலில் பென் டிரைவில் எடுத்துவிட்டு, பிறகு பழுதைப் பார்க்கலாம். விண்டோஸ் நீலமாகி நின்ற வீட்டுக் கணினிகளிலும் இதே வழி பலித்தது. பள்ளியில் கற்ற பிள்ளை வீட்டில் அப்பாவின் கோப்பைக் காப்பாற்றிக் கொடுத்தபோது, "ஃபார்மேட் செய்யேண்டி வரும்" என்ற வாக்கியத்தின் அதிகாரம் குறையத் தொடங்கியது.

தமிழ்நாடும் இதே பாதையில் சில அடிகள் வைத்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர், மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் பொறுப்பில் இருந்த காலத்தில் அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவும்படி தமிழக அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. ஆனால் கேரளத்தைப் போல ஆசிரியர்களைக் கொண்டு வேர்விட வைக்காததால், தமிழ்நாட்டில் அது ஆணையாக வந்து ஆணையாகவே போய்விட்டது. அரசு கொடுத்த மடிக்கணினிகளில் பாஸும் விண்டோஸும் சேர்ந்தே இருந்தன. எத்தனை மாணவர்கள் முதலாவதைத் திறந்தார்கள் என்று ஊரில் கேட்டாலே தெரியும்.

திருவனந்தபுரத்தில் ஐடி அட் ஸ்கூல் 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. 2018 ஜனவரியில் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் தொடங்கின. ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அனிமேஷன், மலையாளக் கணிமை, இணையப் பாதுகாப்பு ஆகியவற்றோடு ஹார்டுவேரும் அவர்கள் பாடத்தில் இருந்தது. 2019இல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் வெளியிட்ட இயங்குதளம் பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளுக்கென்று உருவானது. இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள்.

ஸ்டால்மன் வந்து 23 ஆண்டுகள் நிறைய ஒரு நாள் இருந்தபோது உலகம் அதுவரை பார்த்திராத அளவில் நீலம் பரவியது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் காலை 9.39. அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அந்தக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது; மென்பொருள் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடி, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைப் படிக்கப் போய், கெர்னல் நின்றது. 10.57க்குக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த 78 நிமிடங்களில் சிக்கியவை ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. ஹைதராபாத் விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வாங்கிய பயணியின் படத்தை நாடே பார்த்தது. வீட்டுக் கணினிகள் தப்பின, ஏனென்றால் அந்த மென்பொருளை வாங்குபவை நிறுவனங்கள். அலுவலக மடிக்கணினியை வீட்டில் வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் சாப்பாட்டு மேசையில் மட்டும் நீலம் வந்து உட்கார்ந்தது.

திரையில் அன்று தெரிந்த காரணம், ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா’. விண்டோஸ் 8 காலத்தில், 2012இல், சோக முகமும் ஒற்றை வரியுமாகச் சுருங்கிப்போன நீலத்திரையில் அந்த வரியும் பழுதான டிரைவர் கோப்பின் பெயரும் மிஞ்சியிருந்தன. படிக்கத் தெரிந்தவருக்கு அவ்வளவு போதும். வைத்தியமும் பழையதுதான்: சேஃப் மோடில் தொடங்கு, விண்டோஸின் டிரைவர்கள் கோப்புறைக்குப் போ, கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய அந்த ஒரு கோப்பை அழி, மறுபடி தொடங்கு. 1998இல் வெப்கேமரா சிடி கெடுத்த வீட்டில் எஃப்8 விசையை அழுத்தி ஒரு விவரமான பையன் செய்ததும் இதையேதான். தொலைவிலிருந்து ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்ய வழியில்லாததால், ஒவ்வோர் இயந்திரத்தின் முன்னும் ஒரு மனிதர் போய் உட்கார வேண்டியிருந்தது. டிஸ்க் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தட்ட வேண்டும். சிலவற்றை 15 முறை வரை மறுபடி மறுபடி தொடங்கினால் சரியாகிறது என்றும் மைக்ரோசாஃப்டே சொன்னது. கேட்கும்போது அந்தக் காலத்து வீட்டு வைத்தியம் போலவே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை முடிவுக்குக் கொண்டுவந்தவற்றில் நீல நிறமும் ஒன்று. மீண்டெழும் முறைகளைத் திருத்தியபோது மைக்ரோசாஃப்ட் 2025இல் விண்டோஸ் 11இன் பிழைத்திரையைக் கறுப்பாக்கியது. சோக முகம் போயிற்று, 2016இல் வந்து சேர்ந்த க்யூஆர் கட்டமும் போயிற்று. நிறுத்தக் குறியீடும், சந்தேகத்துக்குரிய டிரைவரின் பெயரும் அடியில் இருக்கின்றன. பெரும்பாலான கணினிகளில் அந்தத் திரை இரண்டு நொடிதான் நிற்கும் என்கிறார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவுக் காலமும் முடிந்தது. மூன்று நான்கு நாளில் துலாம் பிறந்தது. கிழக்கே இடி உறுமியது. திருவனந்தபுரத்து வீடுகளில் யாரோ எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினார்கள்.